கொலைகாரன் யாரென்று குரல் சொல்லக் கூடாது





ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்பிடித் தடைக்காலம். திருவேட்டக்குடியிலிருந்து தெற்கே கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று எந்தக் கரைக்குப் போனாலும் படகுக்கு வண்ணம் பூசுகிறார்கள், இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறார்கள், நிழலில் கூடி உட்கார்ந்து வலை பின்னுகிறார்கள். கைக்கு வேலை இருக்கிறது, கண்ணுக்கும் வேலை இருக்கிறது. காதுதான் சும்மா இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் காதுக்கு வானொலி துணையாக இருந்தது. இப்போது கைபேசி இருக்கிறது. அதில் பாட்டு மட்டும் ஓடவில்லை, கதையும் ஓடுகிறது. பூட்டிய அறைக்குள் பிணம், நள்ளிரவில் அடிக்கும் தொலைபேசி, காணாமல் போன மருமகள் என்று நாம் படித்து வளர்ந்த மர்மக் கதைகள் இன்று ஒலிப்புத்தகங்களாக வந்து சேர்ந்திருக்கின்றன. திருவேட்டக்குடியில் உள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் காரைக்கால் பேருந்தில் காதில் மாட்டியிருப்பதும், அடுப்படியில் குழம்பு கொதிக்கும்போது அலமாரி மேல் கைபேசி பேசிக்கொண்டிருப்பதும் பல நேரம் இந்தக் கதைகள்தான்.

நல்ல செய்தி இது. படிப்பு குறைந்துவிட்டது என்று வருந்துகிறவர்களுக்கு நான் சொல்வது, கதை நம்மை விட்டுப் போகவில்லை, வேறு வாசல் வழியாக வீட்டுக்குள் வருகிறது என்பதுதான். ஆனால் கேட்பவை எல்லாம் ஒன்றுபோல் இல்லை. ஒரு கதை விடியும்வரை பிடித்து வைக்கிறது. இன்னொன்றைப் பத்தாவது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறோம். எழுதியவர் அதே எழுத்தாளராகக்கூட இருக்கலாம். வேறுபாடு வாசிக்கும் குரலில் இருக்கிறது. எது நல்ல வாசிப்பு என்று இந்த மாதம் உங்களோடு பேச நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பது என் முடிவு. வாசிக்கிறவருக்குக் கடைசிப் பக்கம் தெரியும். கேட்கிறவருக்குத் தெரியாது. தெரிந்ததைக் குரலில் கசியவிடாமல் வாசிப்பவரே மர்மக் கதையை வாசிக்கத் தெரிந்தவர்.

இதைப் பேசுவதற்கு நம் கடற்கரையை விடப் பொருத்தமான இடம் இல்லை. வரிச்சிக்குடிக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருக்கும் திருவேட்டக்குடித் திருமேனியழகர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். அருச்சுனன் தவம் செய்ய, சிவபெருமான் வேடனாக வந்து அவனைச் சோதித்த ஊர் என்று தலபுராணம் சொல்கிறது. அந்தக் கதையை நினைத்துப் பாருங்கள். ஒரு பன்றி விழுந்து கிடக்கிறது. அதன் உடம்பில் இரண்டு அம்புகள். கொன்றது யார் அம்பு? அருச்சுனன் தன்னுடையது என்கிறான், வேடன் தன்னுடையது என்கிறான், சண்டை மூள்கிறது. வேடன் யார் என்று கேட்கும் நமக்குத் தெரியும், அருச்சுனனுக்கு மட்டும் தெரியாது. எப்போது தெரியப்போகிறது என்பதுதான் நம்மை நகரவிடாமல் வைக்கிறது. மாசி மகத்தன்று சுவாமி வேடன் கோலத்தில் கடற்கரைக்கு எழுந்தருளும்போது மீனவ மக்கள் எதிர்கொண்டு வரவேற்கிறார்களே, அவர்களில் ஒருவருக்கும் இந்தக் கதை புதிதில்லை. ஆண்டுதோறும் கேட்கிறார்கள், சுவை குறைவதில்லை.

இதே கரையில் தரங்கம்பாடியைத் தாண்டி வடக்கே போனால் பூம்புகார். அங்கே பிறந்த கண்ணகியின் கதையில் ஒரு திருட்டு இருக்கிறது. உண்மையான திருடன், பொய்க் குற்றச்சாட்டு, விசாரிக்காமல் கொடுத்த தண்டனை, கடைசியில் சபை நடுவே உடைத்துக் காட்டிய சான்று எல்லாம் இருக்கின்றன. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். வழக்கு அந்த ஒரே தடயத்தில் தீர்ந்தது. சிலப்பதிகாரத்தின் பதிகம் சொல்வதைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். மலைக்குறவர் வந்து தாங்கள் கண்டதைச் சொல்ல, முன்நடந்ததைச் சாத்தனார் எடுத்துச் சொல்ல, இளங்கோவடிகள் கேட்டார். படிக்கும் கதையாவதற்கு முன்பே அது கேட்ட கதை.

இந்த இடத்தில் இரண்டு வகை வாசிப்பைப் பிரித்துக்கொள்ளலாம். செய்தது யார் என்று மறைத்துவைத்துக் கடைசியில் திறந்து காட்டுவது மர்மக் கதை. ஆபத்து வருவதை முன்பே காட்டிவிட்டு, தப்புவாரா மாட்டாரா என்று தவிக்க வைப்பது திகில் கதை. மர்மக் கதையில் குரல், கேட்கிறவரோடு சேர்ந்து ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போக வேண்டும். அதற்கு நம்மைவிட ஒரு அடிகூட அதிகம் தெரிந்ததாகத் தோன்றக் கூடாது. திகில் கதையில் குரலுக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம். தெரிந்தும் அவசரப்படாமல் இருப்பதுதான் அங்கே வேலை. மதுரைக்குள் நுழையும் கண்ணகியின் கணவன் கோவலனின் முடிவு நமக்குத் தெரியும். சொல்கிறவர் அவனை எவ்வளவு நிதானமாக நடக்கவிடுகிறாரோ அவ்வளவுக்கு நெஞ்சு அடைக்கும்.

தமிழ்த் துப்பறியும் கதைக்கு நம் காவிரிப் படுகை செய்தது கொஞ்சமல்ல. திகம்பர சாமியாரைப் படைத்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. துப்பறியும் சாம்புவைத் தந்த தேவன் திருவிடைமருதூர்க்காரர். பரத்தையும் சுசீலாவையும் தமிழ்நாடு முழுவதற்கும் அறிமுகப்படுத்திய பிரபாகர் தன் பெயரிலேயே பட்டுக்கோட்டையை வைத்திருக்கிறார். இவர்களோடு துப்பறியும் கோவிந்தனைப் படைத்த ஜே.ஆர். ரங்கராஜு, ஷெர்லக் ஹோம்ஸைத் தமிழ் உடை உடுத்திக் கொண்டுவந்த ஆரணி குப்புசாமி முதலியார், சங்கர்லாலின் தமிழ்வாணன், கணேஷ் வசந்த்தின் சுஜாதா, கோவையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ராஜேஷ்குமார், இருவர் சேர்ந்து ஒரு பெயரில் எழுதும் சுபா, அமானுஷ்யத்தை வீடுவீடாகக் கொண்டுபோன இந்திரா சௌந்தர்ராஜன் என்று நம்மிடம் பெரிய களஞ்சியமே இருக்கிறது.

இந்த வரிசையில் வை.மு. கோதைநாயகி அம்மாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1901இல் பிறந்தவர், பள்ளிக்கூடம் போகாதவர், சிறு வயதிலேயே மணமானவர். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்வதுதான் அவருடைய தொடக்கம். முதல் நாடகமான இந்திரமோகனாவை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1925இல் ஜகன்மோகினி இதழின் பொறுப்பை ஏற்று, வைதேகி தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். துப்பறியும் கதைகளும் அதில் அடக்கம். எழுத்துக்கு முன்னால் குரலில் பிறந்த கதைக்காரர் அவர். அதனால் அவர் நாவல்களை வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு இடறுவதில்லை. அந்தக் காலத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்க, தெருவே கேட்டது. ஒலிப்புத்தகம் என்ற பெயர் வேண்டுமானால் புதிது, வழக்கம் பழையது.

பிறகு வானொலி வந்தது. நம் கடற்கரைக்காரர்களுக்கு இலங்கை வானொலி உள்ளூர் வானொலி போலவே கேட்டது. அதற்குக் காரணம் உண்டு. மத்திய அலை, நிலத்தின் மேல் செல்வதைவிட உப்புநீரின் மேல் அதிகத் தொலைவு வலுவிழக்காமல் செல்லும். நடுவே கடல் இருந்ததால் கொழும்பில் பேசியது காரைக்காலில் தெளிவாகக் கேட்டது. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது என்ற பெயர்களைச் சொன்னால் அறுபது வயதைத் தாண்டிய நம் வாசகர்களின் முகம் மலரும். இசையும் கதையும் என்ற நிகழ்ச்சி நினைவிருக்கிறதா? ஒரே குரல் ஒரு கதையைச் சொல்லும், இடையிடையே அந்தக் கட்டத்துக்குப் பொருந்தும் திரைப்பாடல் வரும். பாடல் முடிந்து குரல் திரும்பும்வரை நாம் காத்திருப்போம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் குரல்கள் அறிந்திருந்தன. அகில இந்திய வானொலியின் திருச்சி, சென்னை நிலையங்களின் நாடகங்களும் ஒலிச்சித்திரங்களும் அதே பாடத்தைத்தான் நமக்குக் கற்றுத் தந்தன. தகரத்தை அசைத்தால் இடி, கொட்டாங்கச்சியைத் தட்டினால் குதிரைக் குளம்பு. மற்றதை எல்லாம் கேட்கிறவர் மனம் பார்த்துக்கொண்டது.

உலகத்தின் பேசும் புத்தகங்களுக்கும் மர்மக் கதைக்கும் தொடக்கத்திலிருந்தே உறவு உண்டு. முதல் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களை மனத்தில் வைத்து 1935ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பார்வையற்றோருக்கான பேசும் புத்தகச் சேவை தொடங்கியது. இசைத்தட்டில் பதித்து அனுப்பிய முதல் புத்தகங்களில் ஒன்று அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் கொலை. 1926இல் வந்த அந்த நாவலைப் படித்தவர்களுக்கு, அதை வாய்விட்டு வாசிப்பது எவ்வளவு கடினம் என்று புரியும். படிக்காதவர்களுக்கு நான் காரணம் சொல்லப் போவதில்லை, சொன்னால் உங்கள் இன்பத்தைத் திருடியவனாவேன். குரலில் ஒரு சிறு நடுக்கம் வந்தாலும் கதை உடைந்துவிடும் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பேசும் புத்தகத்தின் முதல் அடியிலேயே அதன் மிகக் கடினமான சோதனையும் இருந்திருக்கிறது.

சரி, நல்ல வாசிப்பை எப்படி அறிவது?

முதலாவது, எல்லோரிடமும் ஒரே நியாயம். கதையில் ஆறு பேர் மேல் சந்தேகம் இருந்தால், அந்த ஆறு பேருக்கும் குரல் ஒரே அளவு இடம் தர வேண்டும். கொலைகாரன் பேசும்போது மட்டும் தொண்டையைக் கனக்கச் செய்து, அவன் பெயர் வரும்போது ஒரு நொடி தயங்கி வாசிப்பவர், எழுத்தாளர் இருநூறு பக்கம் பாடுபட்டு மறைத்ததை இரண்டே நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடுகிறார். வேண்டுமென்றே நல்லவன் ஒருவனைக் கெட்டவனாக ஒலிக்கச் செய்து திசை திருப்புவதும் பிழைதான். ஏமாற்றும் உரிமை எழுத்தாளருக்கு மட்டும் உண்டு, வாசிப்பவருக்கு இல்லை. சுஜாதாவின் கொலையுதிர் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நடப்பவை பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்று கணேஷும் வசந்த்தும் எதிரெதிரே நிற்கிறார்கள். வாசிப்பவர் தன் மனத்துக்குள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், கேட்கிறவருக்கு அந்த வழக்கே இல்லாமல் போய்விடும்.

இரண்டாவது, தடயம். அச்சில் படிக்கும்போது நாம் விட்டுவிட்ட வரியைத் தேடிப் பின்னால் புரட்டுவோம். காதுக்கு அந்த வசதி குறைவு. கைபேசியில் சில நொடி பின்னே போகலாம்தான், ஆனால் கையில் மீன் செதிலோ மாவோ இருக்கும்போது யார் போவார்கள்? ஆகவே தடயம் வரும் வரியை விழுங்கிவிடக் கூடாது. அழுத்தியும் சொல்லக் கூடாது. மேசை மேல் இரண்டு காபிக் கோப்பை இருந்தது என்ற வரி, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இருந்தது என்ற வரி வாசிக்கப்பட்ட அதே தெளிவில், அதே எடையில் வர வேண்டும். கடைசி அத்தியாயத்தில் அந்தக் கோப்பைகளைத் துப்பறிபவர் சொல்லும்போது, ஆமாம், கேட்டோமே என்று நமக்குத் தோன்றினால் வாசித்தவர் வென்றுவிட்டார்.

மூன்றாவது, வேகம். ஆங்கில ஒலிப்புத்தகங்களில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 சொற்கள் என்பது பொதுவான நடை. தமிழுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. நம் சொல் ஒன்று வேற்றுமை, காலம், ஆள் எல்லாவற்றையும் முதுகில் ஏற்றிக்கொண்டு நீண்டு வருகிறது. ஒரு வினைச்சொல்லின் பிற்பகுதியில்தான் செய்தவர் ஆணா பெண்ணா, நடந்துவிட்டதா நடக்கப்போகிறதா என்பது இருக்கிறது. வேகமாக வாசித்து வினைமுற்றின் வாலை மென்றுவிட்டால் கதையே மாறிவிடும். பரபரப்பான கட்டத்தில் மூச்சிரைக்க ஓட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வாக்கியங்கள் குட்டையாக வரும்போது பரபரப்பு தானாகவே வந்துவிடும். குரல் தன் நிதானத்தை விடாமல் இருந்தால் போதும்.

நான்காவது, இரண்டு தமிழ். நம் நாவல்களில் கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழ், ஆட்கள் பேசுவது பேச்சுத் தமிழ். ஒரே பக்கத்தில் இருபது முறை இந்த எல்லையைக் கடக்க வேண்டும். மேடைப்பேச்சுத் தொனியிலேயே வசனத்தையும் வாசித்தால் ஆட்கள் மரப்பாச்சிகளாகிவிடுவார்கள். பேச்சுத் தொனியிலேயே வருணனையையும் இழுத்தால் கதைக்கு முதுகெலும்பு இருக்காது. இதற்கு மேல் வட்டார வழக்கு வேறு. கோவைக்காரர் கோவைக்காரராகப் பேச வேண்டும், நெல்லைக்காரர் நெல்லைக்காரராக, யாழ்ப்பாணத்தவர் யாழ்ப்பாணத்தவராக. வராத வழக்கை வலிந்து பேசுவதைவிடச் சாயலை மட்டும் காட்டி அடக்கமாக வாசிப்பது மேல். ஏனென்றால் மர்மக் கதை கேட்கிறவர் சந்தேகக் கண்ணோடு உட்கார்ந்திருப்பவர். ஒருவனின் பேச்சு நடுவில் மாறினால், இவன் ஆள்மாறாட்டம் செய்கிறானோ என்று அவர் குறித்துக்கொள்வார். ல, ள, ழ தடுமாறினாலும் இதே தொல்லைதான்.

ஐந்தாவது, ஒரு குரலா, பல குரலா? பம்பாய் கண்ணன் பொன்னியின் செல்வனை முழுக்கப் பல குரல்களில் ஒலிப்புத்தகமாக்கியபோது, வாசிக்க நேரமில்லாதவர்களும் வெளிநாட்டில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் கல்கியைக் கேட்டு அறிந்தார்கள். வரலாற்றுக் கதைக்குப் பல குரல் திருவிழாக் கூட்டத்தின் நிறைவைத் தரும். அந்த நாவலிலும் ஒரு கொலை இருக்கிறது. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி உறுதியாகச் சொல்லாமலே விட்டார். உடையார்குடிக் கல்வெட்டு சில பெயர்களைச் சொல்லியும் வாதம் இன்னும் ஓயவில்லை. அப்படிப்பட்ட காட்சியில் இருட்டுக்குள் கேட்கும் ஒவ்வொரு ஓசையும் ஒரு சாட்சியமாகிவிடும். பல குரலில் மர்மக் கதையைப் பதிவு செய்கிறவர்களுக்கு இருக்கும் உண்மையான சிக்கல் இதுதான். மூன்றாம் அத்தியாயத்தில் பெயர் தெரியாத ஒருவன் தொலைபேசியில் மிரட்டுகிறான். ஏழாம் அத்தியாயத்தில் குடும்ப நண்பர் ஒருவர் வந்து அன்பாகப் பேசுகிறார். இரண்டும் ஒரே ஆள் என்றால், ஒரே கலைஞர் பேசினால் அந்த இடத்திலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். வேறு கலைஞர் பேசினால் அது கேட்கிறவருக்குச் செய்யும் மோசடி. ஒற்றைக் குரலுக்கு இந்தச் சங்கடம் குறைவு. எல்லோருமே அந்த ஒரு தொண்டையிலிருந்து வருவதால், ஒருவரையும் குரலை வைத்துப் பிடிக்க முடியாது. அதனால் மர்மக் கதைக்கு ஒற்றைக் குரலே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

நம் எழுத்தாளர்கள் இந்தச் சிக்கலுக்கு மொழிக்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருப்பதையும் கவனியுங்கள். தமிழில் கத்தியை எடுத்தான் என்று எழுதினாலே பாதி மர்மம் போய்விடும். ஆகவே அந்த உருவம் சுவரோரம் நகர்ந்தது, அந்த உருவம் கத்தியை எடுத்தது என்று எழுதுகிறார்கள். அச்சில் அது ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. அந்த இடத்தைக் கட்டைக் குரலில் உறுமி வாசித்தால் எழுத்தாளரின் உழைப்பு வீண். ஆண் குரலோ பெண் குரலோ, அந்த வரிகளில் வெறும் கதைசொல்லியின் குரலாகவே இருக்க வேண்டும். இதே காரணத்தால்தான் ஆண் வாசிப்பாளர் பெண் பாத்திரத்துக்காகக் கீச்சுக் குரல் எடுப்பதும் வேண்டாம் என்கிறேன். பேசும் வேகத்தைச் சற்று மாற்றினாலே கேட்கிறவர் ஆளைப் புரிந்துகொள்வார்.

ஆறாவது, பின்னணி இசை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் இடி முழங்கினால், எந்தத் திருப்பமும் நம்மை அசைக்காது. இசை வந்தாலே இப்போது ஏதோ நடக்கப்போகிறது என்று முன்னறிவிப்புக் கிடைத்துவிடுகிறது. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள் படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. தமிழ்ப் படம் என்றால் பாட்டு என்றிருந்த காலத்தில், ராஜனைக் கொன்றது யார் என்ற ஒரே கேள்வி படம் முழுவதையும் தாங்கி நின்றது. ஒலிப்புத்தகம் தயாரிக்கிறவர்கள் அந்தத் துணிச்சலைக் கற்றுக்கொள்ள வேண்டும். அத்தியாயத் தொடக்கத்தில் சிறிது இசை, முடிவில் சிறிது இசை போதும். நடுவில் குரலும் அமைதியும் இருக்கட்டும்.

இவை அத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. புத்தகத்தை முழுக்கப் படித்துவிட்டே பதிவுக்கு உட்கார வேண்டும். ஒரு பாத்திரத்துக்குத் திக்குவாய் என்பது பதினெட்டாம் அத்தியாயத்தில்தான் தெரியவரும் என்றால், முதல் அத்தியாயத்திலிருந்தே அதற்கு இடம் விட்டுப் பேச வேண்டும் அல்லவா? ஆங்கிலத்தில் கிறிஸ்டியின் நாவல்களை ஹியூ ஃப்ரேசரும் டேவிட் சூஷேயும் வாசித்திருப்பதைக் கேளுங்கள். தொலைக்காட்சித் தொடரில் ஹேஸ்டிங்ஸாகவும் பொய்ரோவாகவும் நடித்தவர்கள் அவர்கள். நடிப்பை அடக்கிக்கொண்டு கதையை முன்னே விடும் பண்பு இருவரிடமும் உண்டு. வங்காளத்தில் கொல்கத்தாவின் ரேடியோ மிர்ச்சி 2009 முதல் ஞாயிறுதோறும் ஒலிபரப்பிவரும் சண்டே சஸ்பென்ஸ், சத்யஜித் ராயின் ஃபெலூடாவையும் சரதிந்துவின் வியோம்கேஷையும் புதிய தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தது. ஒரு மொழியின் துப்பறியும் இலக்கியத்தை வானொலி காப்பாற்ற முடியும் என்பதற்கு அது சான்று. நம் காரைக்கால் பண்பலை 100.3இலும் மற்றத் தமிழ் நிலையங்களிலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இப்படி ஒதுக்கினால், கேட்பதற்கு இந்தக் கடற்கரை முழுவதும் காத்திருக்கிறது.

கேட்கிறவர்களுக்கும் சில வார்த்தை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு முடிவைத் தெரிந்துகொள்வது மர்மக் கதையைக் கேட்கும் முறை ஆகாது. வாசித்தவர் வைத்த இடைவெளியும் கதையின் பகுதிதான். இருசக்கர வாகனம் ஓட்டும்போது காதில் மாட்டாதீர்கள், கதை காத்திருக்கும். முடிந்தால் வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, யார் செய்திருப்பார் என்று பாட்டியிலிருந்து பேத்தி வரை ஆளுக்கொரு பெயர் சொல்லிப் பாருங்கள். தனியாகப் படிக்கும்போது கிடைக்காத இன்பம் அது. உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களின் நாவல்களை அனுமதி இல்லாமல் வாசித்து இணையத்தில் ஏற்றும் பதிவுகளைத் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் இரவு பகலாக உழைத்து எழுதியவை. முறையான செயலிகளில் சிறு சந்தா கட்டிக் கேட்டால், எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் கூலி போய்ச்சேரும்.

நிறைவாக, இந்தக் கோடைக்கு உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் அவர் எழுத்து எல்லோருக்கும் பொது. 1942இல் மறைந்த வடுவூராரும், 1957இல் மறைந்த தேவனும், 1960இல் மறைந்த வை.மு. கோதைநாயகி அம்மாளும் அந்த எல்லையைக் கடந்துவிட்டார்கள். இவர்களின் நாவல்களை வாசித்துப் பதிவு செய்ய யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. இதோடு, 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவில் புத்தகங்களை இலாப நோக்கின்றி ஆக்கித்தர வழி செய்திருக்கிறது. 2016இல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்காகவே இயங்குகிறது. பேசும் புத்தகம் யாருக்காகப் பிறந்ததோ அவர்களுக்குத் தமிழில் இன்னும் எவ்வளவோ செய்ய வேண்டியிருக்கிறது.

உங்களில் நல்ல குரல் உள்ளவர்கள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், விடுமுறையில் இருக்கும் மாணவர்கள் ஒரு நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஒலிப்பதிவுக் கூடம் தேவையில்லை. மெத்தையும் போர்வையும் சூழ்ந்த சிறிய அறையும், சாதாரண ஒலிவாங்கியும் போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், அருகில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள், காக்கைகள் எழுவதற்கு முன்னால் விடியற்காலையில் உட்காருங்கள். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் பள்ளி திறப்பதற்குள் ஒரு நாவல் முடிந்துவிடும். முழுப் புத்தகத்தையும் மனத்துக்குள் ஒருமுறை படித்து முடித்த பிறகே வாய் திறந்து வாசிக்கத் தொடங்குங்கள். கடைசிப் பக்கம் வரை அந்த இரகசியத்தைக் காப்பாற்றுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்